“தொடாதே” போர்டு இல்லாத கண்காட்சி! பழைய கம்ப்யூட்டர்களைத் தட்டி விளையாடும் குழந்தைகள்

எந்த மியூசியத்துக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது ஒரு போர்டு. “பொருள்களைத் தொடாதீர்கள்!”

மீறிக் கை நீட்டினால், மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலர், “ஏய் தம்பி... கையை எடு!” என்று ஒரு குரல் கொடுப்பார். நம்ம எழும்பூர் மியூசியமானாலும் அப்படித்தான். லண்டன் மியூசியமானாலும் அப்படித்தான்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு கண்காட்சி இருக்கிறது. அங்கே இந்த வழக்கம் தலைகீழ்!

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரலாம். பட்டன்களைத் தட்டலாம். விளையாட்டில் தோற்றுப்போனால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். ஏன் என்று கேட்க ஆளில்லை.

அப்படி என்னதான் வைத்திருக்கிறார்கள்? 1970, 1980-களில் வீட்டு டெலிவிஷனில் மாட்டி ஓட்டிய கம்ப்யூட்டர்கள், வீடியோ கேம் பெட்டிகள். 40 வயது, 45 வயது ஆன கிழட்டு எந்திரங்கள். பலவும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன!

இந்த இடத்துக்குப் பெயர் ‘கம்ப்யூட்டிங் வரலாற்று மையம்’. அரண்மனை மாதிரிக் கட்டிடம் எல்லாம் கிடையாது. கோல்ட்ஹாம்ஸ் ரோடு என்ற தெருவுக்குப் பக்கத்தில், ஒர்க்‌ஷாப்பும் குடோனும் இருக்கும் பகுதியில் ஒரு ஷெட். அவ்வளவுதான். முதலில் ஹேவர்ஹில் என்ற சிறிய ஊரில் இருந்தது. 2013-ல் கேம்பிரிட்ஜுக்கு வந்து சேர்ந்தது. நடத்துவது ஒரு தர்ம ஸ்தாபனம்.

கேம்பிரிட்ஜில் வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்தின் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பிறந்ததும், ஒன்றையொன்று போட்டி போட்டு அடித்துக்கொண்டதும் இந்த ஊரில்தான்.

தபால் கார்டு மூளை!

சிங்க்ளேர் கம்பெனியின் ‘இசட்.எக்ஸ். 81’ என்ற பெட்டியைக் கையில் எடுத்தால் நம்ப முடியாது. ஒரு நோட்டுப் புத்தகத்தைவிடச் சின்னது. கறுப்பு பிளாஸ்டிக். பட்டன்கூட நிஜமான பட்டன் கிடையாது. தட்டையான ஒரு தகட்டின் மேல் எழுத்துகளை அச்சடித்திருப்பார்கள். அதை விரலால் அமுக்க வேண்டும்.

1981 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. விலை 69 பவுண்டு 95 பென்ஸ். “நானே பற்றவைத்துக் கொள்கிறேன்” என்று தனித்தனி பாகங்களாக வாங்கினால் 49 பவுண்டு 95 பென்ஸ்தான். பாத்திரக்கடையில் முழு விலை, உதிரி விலை சொல்வது மாதிரி!

அதன் ஞாபகசக்தி 1 கிலோபைட். அதாவது 1,024 எழுத்து. ஒரு தபால் கார்டில் நுணுக்கி எழுதினால் அடங்கிவிடும்.

அந்தத் தபால் கார்டுக்குள் ஒருவர் செஸ் ஆட்டத்தையே அடக்கிவிட்டார்! எதிராளியாகக் கம்ப்யூட்டரே காய் நகர்த்தும். மொத்த புரோகிராமுக்கும் பிடித்த இடம் 672 பைட். கோட்டை கட்டுவது போன்ற சில விதிகளை மட்டும் விட்டுவிட்டார். செஸ் ஊரான நம்ம சென்னைக்காரர்கள் இதற்கு ஒரு சபாஷ் போடலாம்.

இடம் போதாது என்பவர்களுக்கு 16 கிலோபைட் பெட்டி ஒன்று தனியாக விற்றார்கள். பின்பக்கத்தில் சொருக வேண்டும். அங்கேதான் வில்லங்கம்! பெட்டி கொஞ்சம் ஆடினாலும் போச்சு. இரண்டு மணி நேரம் தட்டியது எல்லாம் ஒரு நொடியில் அழிந்துவிடும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியவர்கள் உண்டு. பசை வைத்து ஒட்டியவர்கள் உண்டு. மேஜைப் பக்கம் வந்தாலே தம்பி தங்கைகளை விரட்டியவர்களும் உண்டு.

அடுத்த வருஷம், 1982 ஏப்ரலில், அதே சிங்க்ளேர் ‘ஸ்பெக்ட்ரம்’ என்ற கலர் கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தார். 16 கே மாடல் 125 பவுண்டு. அன்றைய கணக்குக்கு நம் பணத்தில் சுமார் 2,000 ரூபாய். பட்டன்கள் எல்லாம் அழி ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும்.

விளையாட்டுகள் கேசட்டில் வரும். சினிமாப் பாட்டுக் கேட்கும் அதே கேசட், அதே டேப் ரிக்கார்டர்! போட்டால் “கீ...ய்ய்ங்... கர்ர்ர்” என்று காதைக் குடையும். டெலிவிஷன் ஓரத்தில் கலர் கலராகக் கோடு ஓடும். ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். கடைசி நிமிஷத்தில் “டேப் கோளாறு” என்று வந்தால்? சுற்றி முதலிலிருந்து போட வேண்டியதுதான்.

இவ்வளவு தொல்லையையும் பொறுத்துக்கொண்டு 50 லட்சம் பேர் வாங்கினார்கள். அதில் விளையாட்டு எழுதியே புகழ் பெற்ற பையன்களும் உண்டு. ‘மேனிக் மைனர்’ என்ற விளையாட்டை 1983-ல் எழுதிய மாத்யூ ஸ்மித்துக்கு அப்போது வயது 17!

தொப்புள்கொடியை அறுத்த கதை

இப்போது போட்டியாளர் கதைக்கு வருவோம்.

சிங்க்ளேரிடம் பல வருஷம் வேலை பார்த்த கிறிஸ் கர்ரி என்பவர் வெளியே வந்து, ஹெர்மன் ஹவுசர் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்தார். அதுதான் ஏகார்ன். அதுவும் கேம்பிரிட்ஜில்தான்.

அந்தச் சமயத்தில் பி.பி.சி. ஒரு திட்டம் போட்டது. (‘தமிழோசை’ கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரிந்த அதே பி.பி.சி.தான்.) டெலிவிஷனில் ஜனங்களுக்குக் கம்ப்யூட்டர் பாடம் நடத்துவது. பாடத்துக்குத் தோதாகப் பி.பி.சி. பெயரிலேயே ஒரு கம்ப்யூட்டரையும் விற்பது. அந்த ஆர்டருக்கு சிங்க்ளேரும் ஆசைப்பட்டார். ஏகார்னும் ஆசைப்பட்டது.

பி.பி.சி. அதிகாரிகள் வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறார்கள். ஏகார்ன் கையில் காகிதத்தில் வரைந்த படம்தான் இருக்கிறது. எந்திரம் இல்லை!

ஹவுசர் ஒரு தந்திரம் செய்தார். இன்ஜினீயர் ஸ்டீவ் பர்பரைக் கூப்பிட்டு, “ஒரு வாரத்தில் முடியும்னு சோபி வில்சன் சொல்லியாச்சு” என்கிற மாதிரி பேசினார். சோபி வில்சனைக் கூப்பிட்டு, “பர்பர் ஒத்துக்கிட்டார்” என்கிற மாதிரி பேசினார். இரண்டு பேரும் மாட்டிக்கொண்டார்கள்!

திங்கட்கிழமை ஆரம்பித்த வேலை ராப்பகலாக நடந்தது. வெள்ளி விடிந்தும் எந்திரம் உயிர் பெறவில்லை. இன்னொரு கம்ப்யூட்டரோடு அதை இணைத்திருந்த ஒரு ஒயரை, “அறுத்துத்தான் பாருங்களேன்” என்று ஹவுசர் யோசனை சொன்னார். அறுத்தார்கள். தொப்புள்கொடி அறுந்த பிள்ளை மாதிரி அது தானாக ஓட ஆரம்பித்தது! சில மணி நேரத்தில் அதிகாரிகள் வந்தார்கள். ஆர்டர் ஏகார்னுக்கு.

‘பி.பி.சி. மைக்ரோ’ 1981 டிசம்பரில் வெளிவந்தது. பி.பி.சி. எதிர்பார்த்த விற்பனை 12,000. விற்றது சுமார் 15 லட்சம்! பள்ளிக்கூடங்கள் வாங்கினால் பாதி விலையை இங்கிலாந்து அரசாங்கமே கொடுத்தது. அதனால் ஒரு தலைமுறை மாணவர்கள் முதன்முதலாகத் தொட்ட கம்ப்யூட்டர் அதுவாகிப் போனது.

சிங்க்ளேருக்கும் கர்ரிக்கும் புகைந்துகொண்டே இருந்தது. 1984 கிறிஸ்துமஸ் சமயத்தில் கேம்பிரிட்ஜில் ஒரு மதுக்கடையில் இருவரும் மோதிக்கொண்டார்கள். சிங்க்ளேர் ஒரு பேப்பரைச் சுருட்டி கர்ரியின் தலையில் அடித்தார் என்று செய்தி வந்தது. (நல்லவேளை, பேப்பர்! நாம் விற்கும் சரக்குக்கு இப்படியும் ஒரு உபயோகம்.)

இரண்டு கம்பெனிகளுமே பிறகு நொடித்தன. 1985-ல் ஏகார்ன் பங்குகளை இத்தாலியின் ஒலிவெட்டி வாங்கியது. 1986-ல் சிங்க்ளேரின் கம்ப்யூட்டர் வியாபாரம் 50 லட்சம் பவுண்டுக்கு ஆம்ஸ்ட்ராட் கம்பெனிக்குக் கைமாறியது.

உங்கள் சட்டைப் பையில்...

“அந்த ஊர்க் கதை நமக்கு எதற்கு?” என்று பஸ்சில் தொங்கிக்கொண்டு படிப்பவர்கள் கேட்கலாம். சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள்.

பி.பி.சி. மைக்ரோவைச் செய்த அதே வில்சனும் பர்பரும் அடுத்தாற்போல் ஒரு புது சிப் வடிவமைத்தார்கள். 1985 ஏப்ரல் 26-ந்தேதி அது தயாராகி வந்தது. போர்டில் பொருத்தினார்கள். ஓடியது. எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று மீட்டரை வைத்தால், பூஜ்யம்!

மீட்டர் ரிப்பேரா என்று பார்த்தார்கள். மீட்டர் சரி. சிப்புக்கு வரவேண்டிய மின்சார இணைப்பையே கொடுக்க மறந்திருந்தார்கள்! பக்கத்துக் கம்பிகளில் கசிந்து வந்த துளி மின்சாரத்திலேயே அது வேலை செய்திருக்கிறது.

அதுதான் ‘ஆர்ம்’. 1990-ல் அதற்கென்று தனிக் கம்பெனி. ஆரம்பத்தில் இருந்தது 12 இன்ஜினீயர்கள். இன்றைக்கு உலகத்தில் உள்ள ஸ்மார்ட்போன்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஓடுவது அந்தப் பரம்பரை சிப்தான். ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாள் பூரா தாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பி.பி.சி. மைக்ரோ நம் நாட்டுக்கும் வந்தது. 1984-ல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற பெயரில் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் திட்டம் கொண்டு வந்தது. முதல் வருஷம் சுமார் 250 பள்ளிகள். பிறகு அது 2,000-ஐத் தாண்டியது. கொடுத்தது எந்தக் கம்ப்யூட்டர்? இதே பி.பி.சி. மைக்ரோதான்!

செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, ஏ.சி. ரூமுக்குள் வரிசையாகப் போய், ஒரு பெட்டியைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, ஆளுக்கு ஐந்து நிமிஷம் தட்டிய அந்த மாணவர்களுக்கு இப்போது 50 வயதுக்கு மேல் ஆகியிருக்கும். மேலே பத்துச் சிவப்புப் பட்டன் வரிசையாக இருக்குமே... ஞாபகம் வருகிறதா?

கேம்பிரிட்ஜ் கண்காட்சியில் அதே பெட்டிகளை வைத்து 1980-களின் வகுப்பறை ஒன்றை அமைத்திருக்கிறார்கள். இன்றைய பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து, அதில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறார்கள்.

புகை வந்தால் பயப்படாதே!

இங்கேதான் சிக்கல்.

தட்டத் தட்டத் தேயும். 40 வருஷப் பட்டனை ஒரு நாளைக்கு நூறு பிள்ளைகள் தட்டினால் என்ன ஆகும்? ஸ்பெக்ட்ரத்தின் ரப்பருக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இருக்கிறது. வயதானால் அது அப்பளம் மாதிரி நொறுங்கும்.

சரி, தொடாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் பிழைக்குமா? அதுவும் பிழைக்காது!

சில மாடல்களில், கடிகாரம் ஓட்டுவதற்காக ஒரு குட்டி பேட்டரியைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். டார்ச் லைட்டில் மறந்துபோய் விட்ட பேட்டரி மாதிரி அது கசிந்து, செம்புக் கோடுகளை அரித்துத் தின்றுவிடும். எந்திரம் சும்மா இருக்கும்போதே உள்ளே சாவு நடக்கிறது.

பி.பி.சி. மைக்ரோவின் பவர் சப்ளையில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. அதன் மேலுறையில் வயதானால் விரிசல் விடும். ஈரம் உள்ளே போகும். ரொம்ப நாள் கழித்து சுவிட்சைப் போட்டால் “டப்”! ரூம் முழுக்க நாற்றப் புகை. பழைய எந்திரம் சேர்ப்பவர்கள் எல்லாருக்கும் இந்த அனுபவம் உண்டு. அதை மாற்றிவிட்டால் மறுபடி ஓடும்.

வெள்ளையாக இருந்த பிளாஸ்டிக் மஞ்சளாகிறது. தீப்பிடிக்காமல் இருக்க அதில் கலந்த புரோமின் ரசாயனத்தின் வேலை அது. முடி வெளுக்கப் பயன்படும் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவி வெயிலில் வைத்தால் வெளுக்கிறது. சில வருஷத்தில் மறுபடி மஞ்சள் ஏறுவதும் உண்டு!

சிங்க்ளேர் எந்திரங்களுக்கென்றே செய்த சிப் ஒன்று உண்டு. அதன் தயாரிப்பு நின்று பல வருஷமாகிவிட்டது. ஒன்றைப் பிழைக்க வைக்க இன்னொன்றைக் கழற்ற வேண்டிய நிலை. நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய போர்டைப் பிரித்து உதிரி எடுப்பது மாதிரிதான். ஆர்வமுள்ளவர்கள் சிலர் மாற்று சிப்களைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அதை வைத்தால், அது பழைய கம்ப்யூட்டரா, புதிய கம்ப்யூட்டரா என்று இன்னொரு தகராறு!

குண்டு டிவிக்கு வந்த மவுசு

வீடியோ கேம் பக்கம் போனால் அங்கே வேறு தலைவலி.

நிண்டெண்டோவின் வாத்துச் சுடும் விளையாட்டை நம்ம ஊரிலும் பலர் ஆடியிருப்பார்கள். துப்பாக்கியை டிவிக்கு நேரே பிடித்துச் சுட வேண்டும். சுட்ட நொடியில் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கிக்குள் இருக்கும் ‘கண்’ அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து காலி.

பழைய குண்டு டிவியில் படம் கோடு கோடாக மின்னல் வேகத்தில் வரையப்படும். துப்பாக்கி அதற்கென்றே செய்தது. புதிய தட்டை டிவியில் எத்தனை தடவை சுட்டாலும் வாத்து சாகாது!

ஆக, விளையாட்டுப் பெட்டியை மட்டும் காப்பாற்றினால் போதாது. குண்டு டிவியையும் காப்பாற்ற வேண்டும். நாம் “எடுத்துட்டுப் போனா போதும்பா” என்று காயலான் கடைக்குத் தள்ளிவிட்ட அதே டிவிக்கு, அங்கே ஏக கிராக்கி.

குப்பைக்குப் போனது மியூசியத்துக்கு வந்த கதையும் உண்டு. அடாரி கம்பெனி ‘ஈ.டி.’ என்ற சினிமாவை வைத்து, ஐந்தே வாரத்தில் அவசரமாக எழுதிய ஒரு விளையாட்டை 1982-ல் வெளியிட்டது. படு தோல்வி! 1983-ல் விற்காத சரக்கை லாரி லாரியாக அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். 2014-ல் மறுபடி தோண்டினார்கள். எடுத்ததில் ஒன்று வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் மியூசியத்தில் சேர்ந்துவிட்டது!

900 வருஷப் புத்தகம் ஜெயித்தது

“இந்த விளையாட்டெல்லாம் செல்போன்லயே வருதே, எந்திரத்தை எதுக்குக் கட்டி அழணும்?” என்று ஒரு கேள்வி வரலாம். நியாயமான கேள்விதான். பழைய எந்திரம் மாதிரியே நடிக்கும் புரோகிராம்கள் இப்போது சாதாரணம். இதற்குப் பதிலாக ஒரு நிஜக் கதை இருக்கிறது.

1086-ல் இங்கிலாந்து ராஜா ஒருவர், நாட்டில் யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை மாடு என்று கணக்கெடுத்து எழுதிவைத்தார். தோலில் எழுதிய புத்தகம். ‘டூம்ஸ்டே’ புத்தகம் என்று பெயர்.

அதற்கு 900 வயது ஆனதைக் கொண்டாட 1986-ல் பி.பி.சி. ஒரு புதிய கணக்கெடுப்பு நடத்தியது. பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். 10 லட்சம் பேர் பங்குகொண்டார்கள். எங்க ஊர் கடைத்தெரு இப்படி, எங்க வீட்டுச் சாப்பாடு இப்படி என்று எழுதி, போட்டோ எடுத்து அனுப்பினார்கள். எல்லாவற்றையும் தோசைக்கல் அளவு லேசர் டிஸ்க்கில் பதிந்தார்கள். பார்க்க வேண்டுமானால் பி.பி.சி. மைக்ரோவின் தம்பியான ‘மாஸ்டர்’ கம்ப்யூட்டரும், அதற்கென்றே செய்த பிளேயரும் வேண்டும். விலையோ ஆயிரக்கணக்கான பவுண்டு. பல பள்ளிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை.

15 வருஷம் போனது. பிளேயர்கள் ஒவ்வொன்றாக மண்டையைப் போட்டன. டிஸ்க் இருந்தது. படிக்க எந்திரம் இல்லை! 900 வருஷத்துக்கு முந்திய தோல் புத்தகத்தை இன்றும் விரித்துப் படிக்கலாம். 15 வருஷ டிஸ்க்கைப் படிக்க ஆராய்ச்சியாளர்கள் திண்டாட வேண்டியிருந்தது.

ஓடும் நிலையில் சில எந்திரங்கள் மிச்சம் இருந்ததால்தான் தப்பித்தார்கள். பழைய எந்திரம் எப்படி நடந்துகொண்டது என்று பார்த்துத்தானே, அதே மாதிரி நடிக்கும் புரோகிராமை எழுத முடியும்? 2011-ல் பிள்ளைகள் எழுதிய பகுதியை பி.பி.சி. இன்டர்நெட்டில் போட்டது. 1986-ல் எழுதிய பிள்ளைகள் நாற்பதை நெருங்கும் வயதில் தங்கள் எழுத்தைத் தாங்களே படித்தார்கள்.

இதனால்தான் கேம்பிரிட்ஜ்காரர்கள் தொட விடுகிறார்கள். ஓடாத எந்திரத்தைப் பூட்டி வைத்தால் அது பிளாஸ்டிக் டப்பா. ஓடினால், பழுது பார்க்கத் தெரிந்த ஆளும் அதோடு சேர்ந்து மிஞ்சுவார். தேய்மானம் அதற்குக் கொடுக்கும் விலை. எனக்கு என்னவோ, அந்தக் கணக்கு சரியாகத்தான் படுகிறது.

நம்ம பள்ளிக்கூடங்களுக்கு வந்த பி.பி.சி. மைக்ரோக்களைப் பற்றியும் இந்த இடத்தில் யோசனை வருகிறது. ஏலத்தில் போனவை போக, ஏதாவது ஒரு ஸ்கூல் ஸ்டோர் ரூமில், உடைந்த பெஞ்சுகளுக்கு அடியில், கறுப்புப் பட்டனும் சிவப்புப் பட்டனுமாக ஒன்றாவது கிடக்காதா? கிடந்தால் ஒரு வேண்டுகோள். உடனே பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். அந்த “டப்” கெப்பாசிட்டர் உள்ளே காத்திருக்கும்! விஷயம் தெரிந்த ரிப்பேர்காரரிடம் முதலில் காட்டுங்கள்.

கடைசியாக ஒரு குறும்பு. 1980-களில் இங்கிலாந்துக் கடைகளில் கம்ப்யூட்டரை விற்பனைக்காக மேஜையில் திறந்து வைத்திருப்பார்கள். ஸ்கூல் விட்டு வரும் பையன்கள் உள்ளே நுழைந்து இரண்டே வரி தட்டுவார்கள். 10-வது வரி: ‘பிரிண்ட்’, பக்கத்தில் தன் பெயர். 20-வது வரி: ‘10-க்குத் திரும்பிப் போ’. ஓடவிட்டதும் திரை முழுக்க அந்தப் பெயர் நிற்காமல் ஓடும். கடைக்காரர் திரும்பிப் பார்ப்பதற்குள் பையன் எடுப்பான் ஓட்டம்!

அந்த இரண்டு வரி கேம்பிரிட்ஜில் உள்ள அதே பெட்டிகளில் இன்றும் ஓடும். ஒரே வித்தியாசம், இங்கே தட்டிய பிள்ளை ஓட வேண்டியதில்லை.